கலத்தினுள்ளே குடிவந்தோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உயிரியல் பற்றி இவ்விழாவிலே பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிறிது தயக்கமாகவே இருந்தது. இசையும் நாடகமும் கண்டு மகிழ வந்த சபையிலே, கண்ணுக்குப் புலப்படாத பொருளொன்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினால், முன்வரிசையிலிருக்கும் பெரியோர் கண்ணயர்ந்துவிடுவர். பின்வரிசையிலிருக்கும் இளைஞர் மெல்ல எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விடுவர். ஆயினும் உடன்பட்டேன். நெடுங்காலமாக என் மனத்திலே கிடக்கும் ஒரு கடனைத் தீர்ப்பதற்கு இது தக்க இடம் என்று எண்ணியதே காரணம். அக்கடன் யாதென்பதை இடையிலே சொல்வேன்.

இம்மேசையிலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அதிலே மிதப்பது ஐதரில்லா என்னும் நீர்ப்பூண்டு. இன்று காலை கேணியிலிருந்து அள்ளி வந்தேன். வயலுக்கு நீர் பாய்ச்சுவோர் இதனைக் களை என்று வாரி எறிவர். இதன் இலை மிக மெல்லியது. இரண்டு படைக் கலங்களே அதன் தடிப்பு. ஆகையால் வெட்டாமல், சாயமிடாமல், அப்படியே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கலாம். பார்த்தால், செங்கல் அடுக்கியதுபோலக் கலங்கள் தெரியும். ஒவ்வொரு கலத்தின் ஓரமாகவும் பச்சை மணிகள் பல, தேர் வீதி சுற்றுவது போல, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அப்பச்சை மணிகளின் பூர்வீகமே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே கலம் என்பதை எல்லோருக்கும் விளங்கச் சொல்லிவிடுகிறேன். 1665ஆம் ஆண்டிலே றொபேட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையைச் சீவிப் பார்த்து, அதிலே சிறு சிறு அறைகள் இருப்பதாக எழுதினார். துறவிகள் தங்கும் சிற்றறைக்குரிய சொல்லை அவற்றுக்கு இட்டார். உண்மையில் அவர் கண்டவை வெறும் சுவர்களே; உயிர் போனபின் எஞ்சியவை. நம் நாட்டிலே கலைச்சொல் ஆக்கியோர் ‘கலம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டனர். கலம் என்பது பாண்டம். உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்லாமற் சொல்லும் சொல். ஹூக்கின் சொல்லை விட இது பொருத்தமானது என்பது என் கருத்து.

உலகிலுள்ள உயிர்க்கலங்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகை பற்றீரியா போன்றவற்றின் கலங்கள். அவை மிகச் சிறியன. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஓரிரு கூற்றின் அளவின. உள்ளே அறை குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒற்றை அறைக் கொட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றையவை மெய்க்கருக் கலங்கள். அமீபா, காளான், ஐதரில்லா, பனை, ஆடு, நீங்கள், நான் ஆகிய எல்லோரும் இந்த இரண்டாம் வகைக் கலங்களால் ஆனவர்களே. இவை முன்னையவற்றைவிடப் பத்து மடங்கு நீளமானவை. கொள்ளளவிலே ஆயிரம் மடங்கு பெரியவை. இவை கொட்டில்கள் அல்ல; நாற்சார் வீடுகள். இவ்வீட்டின் உள்ளுறுப்புக்களையே புன்னங்கங்கள் என்கிறோம்.

வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம். நடுவிலே கரு. அது குடும்பத்தின் காணி உறுதிகள் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டிய பெட்டகம் போன்றது, டி.என்.ஏ. என்னும் நெடிய இழையிலே பரம்பரைச் செய்திகள் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. உறுதியை எவரும் வெளியே எடுத்துச் செல்வதில்லை. வேண்டிய பகுதிக்குப் பிரதி எடுத்தே அனுப்புவர். அப்பிரதியைப் பார்த்துப் புரதங்களை நெய்பவை இறைபோசோம்கள். கருவைச் சூழ்ந்து மடிப்பு மடிப்பாகக் கிடப்பது அகமுதலுருச் சிறுவலை. நெய்த புரதங்களைத் திருத்தி, பொதிசெய்து, மேல்விலாசமிட்டு அனுப்பும் தபாற்கந்தோர் கொல்கி உபகரணம். 1898இல் இத்தாலியரான கமில்லோ கொல்கி கண்டது. பழுதானவற்றைக் கரைத்து மீண்டும் பயன்படச் செய்வது இலைசோசோம். 1955இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்ரியன் டி டூவ் பெயரிட்டது. இவையெல்லாம் அந்த வீட்டுத் தச்சராலேயே ஆக்கப்பட்டவை. கலத்தின் சொந்த மென்சவ்வு உள்நோக்கி மடிந்தும் கிளைத்தும் இவை உருவாயின என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆகையால் இவற்றை இவ்வளவோடு விட்டுவிடுகிறேன்.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, சற்று முன் சொன்ன பச்சை மணி. பச்சையவுருமணி என்பது அதன் பெயர். மற்றையது இழைமணி. ‘இழைமணி’ என்ற சொல் ஆசிரியர்களுக்கு மிகப் பழகியது. ஆனால் அதன் அழகைப் பலர் கவனிப்பதில்லை. 1898இல் ஜேர்மானியரான கார்ல் பெண்டா கிரேக்க மொழியில் இழைக்குரிய சொல்லையும் மணிக்குரிய சொல்லையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார். சில வேளை இழை போலவும் சில வேளை மணி போலவும் தோன்றுவதால் அப்பெயர். நம்மவர் அதனை அப்படியே தமிழாக்கிவிட்டனர்.

இழைமணி செய்யும் தொழில் யாது? அப்பத்துக்கு மா புளிக்கவைத்தவர்களுக்கு ஒரு பாதி விடை தெரியும். கள்ளிலுள்ள மதுவம், காற்றில்லாத இடத்திலே வெல்லத்தைத் தின்று, வாயுவையும் மதுசாரத்தையும் வெளிவிடுகிறது. அவ்வாறு குளுக்கோசு மூலக்கூறு ஒன்றை உடைத்தால், கலத்துக்குக் கிடைக்கும் சக்தி நாணயம் இரண்டே இரண்டு. ஏ.டி.பி. என்னும் பொருளையே நாணயம் என்கிறேன். அதே குளுக்கோசை இழைமணியின் உதவியோடு ஒட்சிசன் கொண்டு எரித்தால் ஏறத்தாழ முப்பது நாணயம் கிடைக்கும். இரண்டு எங்கே, முப்பது எங்கே! இந்த ஏற்றத்தாழ்வே கொட்டிலுக்கும் நாற்சார் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் என்று கருதுவோர் உளர்.

அது எவ்வாறு நிகழ்கிறது என்பது பெரிய வேடிக்கை. இழைமணிக்கு மென்சவ்வு இரண்டு. உள்மென்சவ்வு பல மடிப்புக்கள் கொண்டது. உணவிலிருந்து கிடைக்கும் சக்தியால் ஐதரசன் அயன்கள் அம்மென்சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு இறைக்கப்படுகின்றன. கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் இறைப்பது போல. தொட்டி நிறைந்ததும் நீர் கீழே பாய விரும்புமல்லவா? பாயும் வழியிலே ஒரு சில்லு இருக்கிறது. புரதத்தால் ஆன சில்லு. உண்மையாகவே சுழல்கின்ற சில்லு. அது சுழலச் சுழல ஏ.டி.பி. ஆக்கப்படுகிறது. 1961இல் பீற்றர் மிச்செல் என்னும் ஆங்கிலேயர் இறைப்பும் பாய்ச்சலுமாகிய இவ்விளக்கத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே நோபல் பரிசு பெற்றார். 1997இல் யப்பானிய ஆய்வாளர் சிலர் அச்சில்லோடு ஒளிரும் இழையொன்றை ஒட்டி, அது சுழல்வதை நுணுக்குக்காட்டியிலே நேரிற் கண்டனர். இப்போது இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாளில் ஏறத்தாழத் தம் உடலின் நிறைக்குச் சமமான ஏ.டி.பி.யை ஆக்கி, செலவழித்து, மீண்டும் ஆக்குகிறோம். இதயத் தசையின் கலத்திலே மூன்றிலொரு பங்கு இடத்தை இழைமணிகளே பிடித்திருக்கின்றன. குருதியின் செங்கலங்களிலோ ஒன்றுகூட இல்லை. ஒட்சிசன் சுமப்பவன் வழியில் அதைத் தின்றுவிடக்கூடாது என்ற ஏற்பாடு போலும்!

பச்சையவுருமணியின் தொழிலைச் சிறுவரும் அறிவர். ஒளியைப் பிடித்து, நீரையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு வெல்லம் ஆக்குகிறது. நாம் உண்ணும் சோறு முழுவதும் அதன் உழைப்பு. அங்கும் அதே இறைப்பு, அதே சில்லு.

இனி என் கடனைச் சொல்கிறேன். 1978 அளவிலே நான் இளம் ஆசிரியன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கரும்பலகையிலே இழைமணியின் படத்தைக் கீறிப் பகுதிகளைக் குறித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வாங்கிலிருந்த ஒரு பையன் எழுந்தான். “சேர், இழைமணி முந்திப் பற்றீரியாவாய் இருந்ததெண்டு ஒரு புத்தகத்திலை கிடக்கு. உண்மையோ?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “அது சோதினைக்கு வராது. படத்தை வடிவாய்க் கீறு” என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் வாசித்த புத்தகம் எதுவென்று கூட நான் கேட்கவில்லை. பின்னர் எண்பதுகளிலே அவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட்டான் என்று அறிந்தேன். அவன் கேட்டது முற்றும் சரி. நான் சொன்னதே பிழை. சோதினைக்கும் அது பின்னாளில் வந்தது!

அவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இழைமணிகளை முதன்முதலில் ஊன்றி ஆராய்ந்தவர்களுள் ஒருவரான றிச்சட் அல்ற்மன், 1890இலேயே அவை கலத்தினுள் வாழும் சிற்றுயிர்கள் போலும் என்று எழுதினார். அதற்கு முன் 1883இல் அன்றியாஸ் சிம்பர் பச்சையவுருமணிகள் புதிதாக முளைப்பதில்லை, முன்னிருந்தவை பிரிவதாலேயே உண்டாகின்றன என்று கண்டார். தாவரம் என்பது இரண்டு உயிர்கள் இணைந்த வாழ்வோ என்ற ஐயத்தையும் போகிற போக்கிலே எழுப்பிவிட்டார். 1905இல் உருசியரான கொன்ஸ்தந்தீன் மெரெஷ்கோவ்ஸ்கி அதனை வெளிப்படையாகவே வாதிட்டார். பச்சையவுருமணிகள் ஆதியில் நீலப்பச்சை அல்காக்கள் என்றார். இன்று நாம் சயனோபற்றீரியா என்று சொல்பவை அவைதாம். 1920களிலே அமெரிக்கரான ஐவன் வாலின் இழைமணிகளும் பற்றீரியாக்களே என்றார். ஆனால் அவற்றைக் கலத்துக்கு வெளியே தனியே வளர்த்துக் காட்டினேன் என்றும் சொல்லிவிட்டார். அது தவறு. இழைமணி வெளியே வளராது. அவர் வளர்த்தது வேறெங்கிருந்தோ வந்து விழுந்த பற்றீரியாவாகத்தான் இருக்கவேண்டும். அந்த ஒரு தவறு, சரியான கருத்தையும் சேர்த்து முப்பது நாற்பது ஆண்டுகள் மூடிவிட்டது. கல ஆய்விலே பேரறிஞரான வில்சன் 1925இல் தம் நூலில் இதனை மிகையான கற்பனை என்றே எழுதினார். ஆனால் பிற்காலத்தில் கவனிக்கப்படவும் கூடும் என்று கதவைச் சிறிது திறந்தும் வைத்தார். பெரியவர் பெரியவர்தாம். எனக்கு அந்த நிதானம் இருக்கவில்லை.

பின்னர் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்தது. 1962இல் பச்சையவுருமணியிலும் 1963இல் இழைமணியிலும் டி.என்.ஏ. இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இது சாதாரண செய்தி அன்று. பெட்டகத்தில் மட்டுமே உறுதி இருக்கும் என்று நம்பியிருந்த வீட்டிலே, மாட்டுக்கொட்டிலில் உழைப்பவனுடைய சீலைப் பொட்டணத்திலும் வேறோர் உறுதி இருந்தால் என்ன நினைப்போம்? இவன் இவ்வீட்டுப் பிள்ளை அல்லன், எங்கோ சொந்தக் காணியுடன் வாழ்ந்தவன் என்றுதானே?

அவ்வாறு நினைத்தவர் லின் மார்குலிஸ் என்னும் அமெரிக்க அம்மையார். 1967இல், தம் இருபத்தொன்பதாம் வயதளவிலே, லின் சேகன் என்ற பெயரில் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். பதினைந்து அளவிலான சஞ்சிகைகள் அதனைத் திருப்பியனுப்பின என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். ஒட்சிசனைச் சுவாசிக்கும் பற்றீரியா ஒன்று வேறொரு கலத்தினுள் புகுந்து இழைமணியாயிற்று. பின்னொருகால், ஒளித்தொகுப்புச் செய்யும் சயனோபற்றீரியா ஒன்று புகுந்து பச்சையவுருமணியாயிற்று என்பது அவர் கொள்கை. அகவொன்றியவாழ்வுக் கொள்கை என்று அதனைச் சொல்கிறோம். கலத்தின் சவுக்குமுளைகளும் வேறொரு பற்றீரியாவிலிருந்து வந்தவையே என்றும் அவர் கடைசிவரை வாதிட்டார். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே அம்மையார் சொன்னாரென்று எதையும் ஏற்கவேண்டியதில்லை. முதலிரண்டையும் நாம் ஏற்பது சான்று கருதியே.

சான்றுகள் பல. இழைமணியும் பச்சையவுருமணியும் பற்றீரியாவைப் போலவே இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன; உள்ளேயிருந்த எல்லாம் அழிந்துபோனால், கலத்தால் அவற்றைப் புதிதாக ஆக்க முடியாது. அவற்றினுள் தனி இறைபோசோம்கள் இருக்கின்றன. அவை வீட்டு இறைபோசோம்களைப் போன்றவையல்ல, பற்றீரியாக்களின் இனத்தவை. பற்றீரியாவை ஒடுக்கும் சில மருந்துகள் அவற்றையும் ஒடுக்குகின்றன. 1970களிலே பரம்பரை எழுத்துக்களை ஒப்பிட்டுப் படிக்கும் முறை வந்தது; அதுவே தீர்ப்பாயிற்று. 1975 அளவிலே பச்சையவுருமணியின் எழுத்துக்கள் சயனோபற்றீரியாவின் எழுத்துக்களோடு ஒத்திருப்பது தெரிந்தது. இழைமணியின் எழுத்துக்கள் அல்பாப் புரொத்தியோபற்றீரியா என்னும் கூட்டத்தோடு ஒத்தன. தைபசுக் காய்ச்சலை உண்டாக்கும் றிக்கற்சியாவும் அக்கூட்டத்தைச் சேர்ந்ததே. ஒரு தூரத்து உறவினன் வீட்டுக்குள் விளக்கேற்ற, மற்றொருவன் காய்ச்சலைக் கொண்டு வருகிறான்.

பெரியோர் சிலர் கேட்கலாம்: ‘உள்ளே புகுந்த பற்றீரியா நோயல்லவா தரும்? அது எவ்வாறு உறவாகும்?’ நல்ல கேள்வி. 1966இல் அமெரிக்காவிலே குவாங் ஜியோன் என்னும் கொரிய அறிஞர் வளர்த்து வந்த அமீபாக்களைப் பற்றீரியா தொற்றியது. ஒவ்வொன்றினுள்ளும் பல பத்தாயிரம் பற்றீரியா புகுந்தன. பெரும்பாலான அமீபாக்கள் மடிந்தன. வேறொருவராயின் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். ஜியோன் பிழைத்த சிலவற்றை ஆண்டுக்கணக்காகப் பேணினார். சில ஆண்டுகள் சென்றபின் ஒரு விந்தை நிகழ்ந்தது. அப்பற்றீரியாக்களை அழித்தால் அமீபாவும் இறந்தது! தொற்றிய அமீபாவின் கருவை எடுத்துத் தொற்றாத அமீபாவினுள் வைத்தார், அது பிழைக்கவில்லை. பற்றீரியாவையும் சேர்த்து உட்செலுத்தியபோது பிழைத்தவை உண்டு. கொல்ல வந்தது, இல்லாமல் வாழமுடியாததாக மாறியதை ஒரு மனிதர் தம் வாழ்நாளிலேயே கண்டுவிட்டார். 1972இல் இதனை வெளியிட்டார்.

இழைமணி இந்நிலையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. சுதந்திரமாக வாழும் பற்றீரியாவுக்குப் பரம்பரையலகுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. மனித இழைமணியின் டி.என்.ஏ. முழுவதும் 1981இல் வாசிக்கப்பட்டது. எழுத்துக்கள் 16,569; பரம்பரையலகுகள் 37. அவற்றிலும் புரதத்துக்குரியவை 13 மாத்திரம். ஆனால் இழைமணிக்கு வேண்டிய புரதங்கள் ஆயிரத்துக்கு மேல். மற்றையவை எங்கே? பல அழிந்தன, பல கருவுக்குக் கைமாறிவிட்டன. குடியிருந்தவன் தன் காணி உறுதிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்காரனின் பெட்டகத்திலே வைத்துவிட்டான். இனி அவன் வெளியேற விரும்பினாலும் முடியாது. வீட்டுக்காரன் அவனை வெளியேற்றவும் முடியாது. யார் யாரை அடிமையாக்கினார் என்று கேட்டால், எனக்கு விடை சொல்லத் தெரியாது. அந்தக் கேள்வியே இங்கு பொருந்தாது என்று நினைக்கிறேன்.

எஞ்சிய அந்த 37க்கும் ஒரு தனி வழக்கம் உண்டு. கருவிலுள்ளவை தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பாதிப்பாதியாக வருவன. இழைமணியோ தாயின் முட்டையிலிருந்தே வருகிறது. தந்தையின் விந்திலுள்ள சில இழைமணிகள் கருக்கட்டலின் பின் அழிக்கப்பட்டுவிடுகின்றன. தேசவழமையிலே, தாயின் சீதனம் மகளுக்கு, மகளின் சீதனம் அவள் மகளுக்கு என்று இறங்கிய பழைய முறையை இங்குள்ள பெரியோர் அறிவர். இதுவும் அத்தகையதே, ஆனால் ஒரு வேறுபாடு. இங்கே மகனுக்கும் அனுபவிக்கும் உரிமை உண்டு. தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உரிமைதான் இல்லை.

இதனைச் சொல்லும்போது என் பெரியம்மாவின் நினைவு வருகிறது. இளமையில் அவருக்குக் காசநோய் வந்தது. மாதக்கணக்காக ஊசி போட்டார்கள். நோய் மாறியது, காது கேளாமற் போயிற்று. அவர் எழுபது வயது கடந்தும் வாழ்ந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரோடு உரத்துப் பேசிப் பேசியே உரத்துப் பேசுபவர்கள் ஆனோம். அக்காலத்தில் வேறு நல்ல மருந்து இருக்கவில்லை. அந்த ஊசிதான் அவரைக் காப்பாற்றியது. ஸ்ரெப்ரோமைசின் வகை மருந்துகள் பற்றீரியாவின் இறைபோசோமைப் பற்றிக்கொள்கின்றன. நம் இழைமணியின் இறைபோசோம் அதே பூர்வீகத்தையுடையது. எனினும் காலத்தால் சிறிது மாறியிருப்பதால், பெரும்பாலோரில் மருந்து அதனை நன்றாகப் பற்றுவதில்லை. சில குடும்பங்களிலோ இழைமணி டி.என்.ஏ.யின் 1555ஆவது எழுத்து ஒன்று மாறியிருக்கிறது. அந்த ஓரெழுத்தால் அவர்களுடைய இறைபோசோம் மீண்டும் பற்றீரியாவினதைப் போலாகிறது. மருந்து ஆளை அடையாளம் மாறிப் பிடிக்கிறது. உட்செவியின் நுண்கலங்கள் மடிகின்றன. 1993இல் இது கண்டறியப்பட்டது. தாய்வழியாகவே இத்தன்மை இறங்கும். என் பெரியம்மாவுக்கு நேர்ந்தது இதனாற்றான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அளவு மிகுந்தால் எவருக்கும் அம்மருந்து செவியைக் கெடுக்கக்கூடியதே. ஆயினும் தாயார் வழியிலே எவருக்கேனும் ஊசி மருந்துக்குப் பின் காது கேளாமற் போனதுண்டா என்று வைத்தியர் கேட்டால், அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். நூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழமையான ஓர் உறவைப் பற்றியே அவர் விசாரிக்கிறார்.

நிற்க. குடிபுகுந்தவன் யார் என்று கண்டோம், வீட்டுக்காரன் யார்? இதற்கு அண்மையிலேதான் ஓரளவு விடை கிடைத்தது. 2015இல், கிறீன்லாந்துக்கும் நோர்வேக்கும் இடைப்பட்ட ஆழ்கடற் சேற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யில், ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்த புதிய இனமொன்றின் எழுத்துக்கள் கிடைத்தன. அவற்றிலே நம்முடையவை போன்ற பரம்பரையலகுகள் பல இருந்தன. ஆனால் அவ்வுயிரைக் கண்ணால் கண்டவர் இல்லை. யப்பானியர் 2006இலேயே தங்கள் கடலடியிலிருந்து சேறு எடுத்து வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2020இல் அக்கூட்டத்தைச் சேர்ந்த ஓர் உயிரை வளர்த்துக் காட்டினர். சாதாரண பற்றீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும்; இது இரட்டிக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கிறது. அதன் உடலிலிருந்து கிளைகிளையாக நீண்ட கைகள் புறப்படுகின்றன. தனியே வாழமாட்டாது; அயலிலே வேறொரு நுண்ணுயிர் இருந்தால்தான் வாழும். அத்தகைய கைகளால் அயலானை மெல்லச் சுற்றிவளைத்து உள்ளே எடுத்திருக்கலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். கரு முந்தியதா, இழைமணி முந்தியதா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

இளைஞர்களுக்காக ஒன்றை இறுதிக்கு வைத்திருக்கிறேன். இக்குடிவரவு பழங்கதை அன்று. நாம் தோட்டத்துக்கு யூறியா இடுகிறோம். காற்றிலே ஐந்தில் நான்கு பங்கு நைதரசன் இருந்தும் பயிருக்கு அதனை நேரே எடுக்கத் தெரியாமையே காரணம். பயற்றங்கொடியின் வேர்முடிச்சிலே பற்றீரியா இருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு கொடிக்கும் மண்ணிலிருந்து புதிதாகவே வந்து சேரவேண்டும். வித்தோடு வருவதில்லை. 1998இல் ஜொனதன் சேர் என்பவர் பசிபிக் கடல்நீரிலே நைதரசனைப் பதிக்கும் இனந்தெரியாத ஓர் உயிரின் டி.என்.ஏ. துணுக்கைக் கண்டார். யப்பானிலே கியோக்கோ ஹகினோ என்னும் அம்மையார் பத்தாண்டுகளுக்கு மேல் முயன்று, அவ்வுயிரைத் தன்னுள் வைத்திருக்கும் கடல் அல்காவை வளர்க்கக் கற்றுக்கொண்டார். இருதிறத்தாரும் மற்றும் பலரும் சேர்ந்து ஆராய்ந்தபோது, உள்ளேயிருப்பது வெறும் விருந்தாளி அன்று என்பது தெரிந்தது. அல்கா பிரியும்போது அதுவும் தவறாது முறையோடு பிரிகிறது. தனக்கு வேண்டிய புரதங்கள் பலவற்றை வீட்டுக்காரனின் பெட்டகத்திலுள்ள உறுதிப்படியே பெறுகிறது. 2024 ஏப்பிரலில் அதனைப் புதிய புன்னங்கம் என்று அறிவித்தார்கள். அது குடிபுகுந்து ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டே ஆகிறது. இழைமணியோடு ஒப்பிட்டால் நேற்று வந்த மருமகன்! நெல்லுக்குள் இப்படி ஒன்றைக் குடியேற்ற முடியுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இங்குள்ள எவரேனும் கடைசி வாங்கிலிருந்து அதனைக் கேட்டால், இம்முறை நான் சிரிக்கமாட்டேன்.

மண்டபத்தின் மேற்குப் பக்க யன்னலோரம் நுணுக்குக்காட்டியை வைத்திருக்கிறேன். மின்குமிழ் பழுதாகிவிட்டதால் கண்ணாடியைத் திருப்பிச் சூரிய ஒளியைத்தான் பிடிக்கவேண்டும். இன்னும் அரைமணி நேரம் வெளிச்சம் இருக்கும். ஐதரில்லாவின் இளம் இலையொன்றை வில்லையிலே வைத்து, குவியமும் செய்துவிட்டேன். தயவுசெய்து திருகாணியைத் தொடவேண்டாம். பச்சை மணிகள் உடனே நகரா. ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமற் பார்த்திருங்கள், நகர்வது தெரியும். முதலிலே சிறுவர் வரட்டும். பெரியோர்களுக்குக் கதிரை ஒன்றும் அங்கே போட்டிருக்கிறது.